கல்யாண ஓலையும் மதர் சைக்கிளும்

என் முழங்காலில் எண்ணெய் வற்றிவிட்டதாம். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மூட்டுக்குள்ள ஒரு பசை இருக்கணும் சார். உங்களுக்கு அது கொறஞ்சி போச்சி. அதான் படியேறுனா சத்தம் வருது" என்றார். "கிருஷ்ணாயில் ஊத்திக் கழுவிட்டு மறுபடி எண்ணெ விட முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன். பாவம், சின்ன வயது. சிரிக்காமல் இரண்டு மாத்திரை அதிகமாக எழுதிக் கொடுத்தார்.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் நடக்கிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருக்கும் என் வயதுக்காரர்களாகிய உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும். நம் உடம்பில் வரும் ஒவ்வொரு சத்தத்தையும் நாம் முதலில் ஒரு சைக்கிளில்தான் கேட்டிருக்கிறோம். கிறீச், கடக், லொட. ஆனால் ஒரே ஒரு சைக்கிளில் மட்டும் எந்தச் சத்தமும் வராது. அது என் அக்காவுடையது. என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பித்தது. அதற்கு எந்த டாக்டரும் இன்றுவரை மாத்திரை எழுதவில்லை.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்தது. அக்காவுக்கு மஞ்சக்குப்பத்தில் கன்னியர் மடத்துப் பாலர் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தது. அந்த மடத்தில் இருந்த ஒரு மதர் பெண்ணாடத்துக்கு மாற்றலாகிப் போனபோது தன் சைக்கிளை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனார். அன்று முதல் தெருவில் அதற்கு மதர் சைக்கிள் என்று பெயர். நான் எட்டாம் வகுப்பு. மீசை வருமா என்று தினமும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த காலம். வீட்டுக்கு வந்த முதல் சைக்கிள், வீட்டில் இருக்கும் ஆம்பளைப் பிள்ளைக்கு இல்லாமல் பொம்பளைப் பிள்ளைக்கு. எங்கள் தெருவில் அதற்கு முன் நடக்காத அநியாயம் அது.

அதைவிடப் பெரிய அநியாயம், நான் அந்தச் சைக்கிளின் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனது. என் பள்ளி அக்கா போகும் வழியில்தான் இருந்தது. "நடந்து ஏன் போவணும், அக்கா பின்னால ஒக்காந்துக்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். அக்கா மிதிக்கத் தொடங்கியதும் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவாள்: "கால அகட்டு. கம்பில மாட்டிக்கும்." ஒவ்வொரு திருப்பத்திலும் அதே வார்த்தைதான். நான் இரண்டு காலையும் தவளை மாதிரி விரித்துக்கொண்டு ஊரே பார்க்கப் போவேன். பள்ளிக்கு ஒரு தெரு முன்னால் குதித்து, நெடுந்தூரம் நடந்து வந்தவன் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழைவேன். யாரும் ஏமாறவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரன் ஒருநாள் கேட்டான்.

"ஏன்டா, ஒங்க அக்காவுக்கு கல்யாணம் ஆயிட்டா நீ எப்படிடா ஸ்கூலுக்கு வருவ?"

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் கிண்டலுக்காகக் கேட்ட கேள்விக்குள் எனக்கு ஒரு பதில் பளிச்சென்று தெரிந்தது. அக்காவுக்குக் கல்யாணம் ஆனால் அக்கா போவாள். சைக்கிள் இங்கேயே இருக்கும். அன்று ராத்திரி ஜெபத்தில் நான் எங்கள் மாதாவிடம் அக்காவுக்கு நல்ல வரன் கேட்டு வேண்டிக்கொண்டேன். அம்மா அதைக் கேட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அந்தச் சைக்கிளில் மதர் காலத்தில் செயினை முழுக்க மூடும் தகரக் கவர் இருந்தது. வெள்ளைச் சேலையில் கறை படக்கூடாதே. எங்கள் ஊர் உப்புக் காற்று ஒரே மழைக்காலத்தில் அதை அப்பளம் மாதிரி உதிர்த்துவிட்டது. அக்கா மிச்சத்தையும் கழற்றி எறிந்தாள். இனி அவள் சேலைக்கும் செயினுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. இன்னொருத்தியாக இருந்தால் சேலையைத் தூக்கிச் செருகியிருப்பாள். அக்கா செயினைச் சேலைக்கு ஏற்றதாக மாற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மீன் குழம்பு சாப்பிட்டு, வீடு முழுக்கத் தூங்கும். அக்கா மட்டும் பின்பக்கம் கோணியை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பாள். செயினைக் கழற்றி ஈயத் தட்டில் கிருஷ்ணாயில் ஊற்றி ஊறப்போடுவாள். பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்ப்பாள். தட்டின் அடியில் கடற்கரை மணல் கறுப்பு மாவு மாதிரி இறங்கும். நிழலில் உலர்த்தி, மறுபடி மாட்டி, தையல் மிஷின் எண்ணெயை உருளைக்கு ஒரு சொட்டு. பெடலைப் பின்பக்கமாகச் சுற்றும்போது ஃப்ரீவீல் 'டிக் டிக் டிக்' என்று மெதுவாகப் பேசும். கடைசியில் அப்பாவின் பழைய பனியன் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பாள். விட்ட எண்ணெயெல்லாம் போய்விடும்போல் அப்படித் துடைப்பாள். முடிவில் தன் வெள்ளைக் கைக்குட்டையால் செயினை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். கைக்குட்டை வெள்ளையாக இருந்தால்தான் எழுந்திருப்பாள்.

நான் சுவர் ஓரமாக உட்கார்ந்து எரிந்துகொண்டிருப்பேன். அந்தச் செயின் அவளுக்கு அடங்கிய மாதிரி என் நாய்கூட எனக்கு அடங்கியதில்லை.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்காது. "சைக்கிள்னா சத்தம் வரணும்டி. திருடன் எடுத்தா நமக்குத் தெரிய வேணாமா?" என்பார். அவருடைய கட்டில், அவருடைய ரேடியோ, அவருடைய தொண்டை எல்லாமே அந்தக் கொள்கைப்படிதான் இயங்கின. இதுவரை எதுவும் திருட்டுப் போனதில்லை என்பது உண்மைதான்.

ஒருநாள் அக்கா இல்லாத நேரத்தில் நானும் மனம் வைத்தேன். சமையலறையில் இருந்த நல்லெண்ணெயை அரைக் கிண்ணம் செயினில் ஊற்றினேன். தாராளமாக. மறுநாள் செயினில் மணல் அப்பி, எறும்பு வரிசையாக ஊர்ந்து, அது செயினா முறுக்கா என்று சந்தேகம் வரும்படி இருந்தது. அக்கா கத்தவில்லை. கழற்றி மறுபடி கழுவினாள்.

"எண்ணெ விடுறது எல்லாருக்கும் தெரியும்டா. விட்டத தொடைக்கணும். வெளிய நிக்கிற எண்ணெ பூரா மண்ணுக்குத்தான் வேல செய்யும்."

"ஆமா, நீ பெரிய மெக்கானிக்."

செயினின் இரண்டு முனையும் சேரும் இடத்தில் ஒரு சின்னத் தகட்டு லாக் இருக்கும். பார்க்க மீன் குஞ்சு மாதிரி, ஒரு பக்கம் மூடிய தலை, மறுபக்கம் பிளந்த வால். அதை மாட்டும்போது அக்கா தனக்குத்தானே முணுமுணுப்பாள்: "மீனு எப்படி நீந்தும், தல முன்னால." செயின் ஓடும் திசையில் மீனின் தலை இருக்கவேண்டும் என்று அர்த்தம். நான் எங்கே கேட்டேன். அவள் பெருமை பீற்றிக்கொள்கிறாள் என்று வானத்தில் பருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் ஜெபத்துக்கு மாதா சீக்கிரமே செவிசாய்த்தாள். கோயில் உபதேசியார் ஒரு வரன் கொண்டுவந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, மணி அடிப்பது, ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டுக்குச் சேதாரமில்லாமல் கொண்டுசேர்ப்பது, மூன்றும் அவர் பொறுப்பு. மாப்பிள்ளை சிதம்பரம். கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும்.

பெண் பார்க்க வரும் நாள் காலையில் அம்மா அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்து அலறினாள். எவ்வளவு துடைத்தாலும் நக இடுக்கில் ஒரு கறுப்புக் கோடு அவளுக்கு எப்போதும் உண்டு. அம்மா சீயக்காய் போட்டாள், புளி போட்டாள். நான் போய்ச் சர்க்கரையில் கிருஷ்ணாயில் குழைத்துக் கொண்டுவந்து, அக்காவின் ஒவ்வொரு நகமாகத் தேய்த்தேன். எனக்கும் சைக்கிளுக்கும் நடுவில் நின்றது அந்தக் கறுப்புக் கோடு ஒன்றுதான்.

"அக்கா மேல என்னா பாசம் பாருங்க இவனுக்கு" என்றாள் அம்மா. அப்பா தலையாட்டினார். அக்கா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இனிமேல் நம் வண்டி, நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று, அவள் குளிக்கப் போன நேரத்தில் செயினைக் கழற்றித் துடைத்தேன். மூட்டுவலிக்கு என்று அம்மா வைத்திருந்த வேளாங்கண்ணிக் கோயில் எண்ணெயையும் அதில் நாலு சொட்டு விட்டேன். கல்யாணமும் கூடிவர வேண்டும், செயினும் வழுக்க வேண்டும், ஒரே செலவில் இரண்டு காரியம். அப்புறம் மீனை எடுத்து மாட்டினேன். வால் முன்னால்.

அவர்கள் மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, கண்ணாடி போட்டு, எதன்மேல் உட்கார்ந்தாலும் அது உடைந்துவிடுமோ என்று பயந்தவர் மாதிரி உட்கார்ந்தார். அவர் அம்மா கனத்த குரல்காரி. அக்கா காபி கொடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாம்மா நகத்துல? கரி அள்ளுவியா?"

என் சர்க்கரை வைத்தியம் பலிக்கவில்லை. அக்கா வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அது தம்பி சைக்கிளுங்க. தொடச்சிக் குடுன்னு கேப்பான். இவளும் செய்வா."

தம்பி சைக்கிள். சபையில், சாட்சிகளோடு, என் தாயின் வாயாலேயே. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாப்பிள்ளைக்கும் ஏதாவது பேசவேண்டுமே. "அப்படியா தம்பி? ஓட்டிக் காட்டு பாப்போம்" என்றார்.

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். நான் ஏறினேன். சீட் அக்காவின் உயரத்துக்கு இருந்தது. நின்றுகொண்டே மிதித்தேன். நாலு மிதி நன்றாகத்தான் போனது. ஐந்தாவதில் 'டிங்' என்று ஒரு சத்தம். மீன் துள்ளி மணலில் விழுந்தது. செயின் பாம்பு மாதிரி வழிந்து தரையில் கிடந்தது, பெடல் சும்மா சுற்றியது, நான் வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன்.

"மாட்டு தம்பி" என்றார் மாப்பிள்ளை, உதவியாக.

நான் செயினைப் பார்த்தேன். செயின் என்னைப் பார்த்தது. எங்களுக்குள் அறிமுகம் போதவில்லை.

அப்போதுதான் அக்கா வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகை. யாரையும் பார்க்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மணலில் கைவிட்டுத் தேடினாள். மீன் கிடைக்கவில்லை. தலையில் கைவிட்டு ஒரு கொண்டை ஊசியை உருவினாள். மல்லிகைச் சரம் தோளில் சரிந்தது. செயினைச் சக்கரப் பல்லில் ஏற்றி, முனைகளைச் சேர்த்து, ஊசியை எட்டு மாதிரி வளைத்துக் கட்டினாள். பெடலை ஒருமுறை பின்னால் சுற்றிக் கேட்டாள். அப்புறம் எழுந்து, கையில் ஏறிய எண்ணெயை முகர்ந்து, என்னைப் பார்த்தாள்.

"என்னா எண்ணெடா இது?"

"வேளாங்கண்ணி."

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்று அந்தக் கொண்டை ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினார். அந்த வார்த்தைக்கு நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அம்மா அடுப்பே மூட்டவில்லை. "போச்சி. ஒரு கொண்ட ஊசில போச்சி." அன்றைக்கு அந்த வீட்டில் மிக அதிகமாகத் துக்கப்பட்டவன் நான்தான். அதையும் பாசம் என்று எண்ணிக்கொண்டார்கள்.

சில நாளில் உபதேசியார் ஓடிவந்தார்.

"சம்மதமாம்! அந்தம்மா என்னா சொன்னாங்க தெரியுமா? 'எம் புள்ள ஆணி அடிச்சா செவுத்துக்குத்தான் வலிக்கும். எங்க வீட்டுக்கு கை உள்ள ஒரு ஆள் வரட்டும்'னாங்க. நக, பாத்திரம் எதுவும் அவுங்க கேக்கல."

அம்மா மாதா படத்தின் முன்னால் மண்டியிட்டாள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"ஒரே ஒரு கண்டிஷன். அந்தச் சைக்கிளும் கூட வரணுமாம். செயின் மாட்டத் தெரிஞ்ச பொண்ணு சைக்கிள் இல்லாம வந்தா என்னா லாபம்னு கேக்குறாங்க."

நான் எழுந்துகொண்டேன்.

நம் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். அதுவரை எத்தனையோ ஓலை கேட்டிருக்கிறேன், எல்லாம் அடுத்தவன் வீட்டு ஓலை. முதல் ஞாயிறு அக்காவின் பெயர் வந்தபோதுதான் அந்தக் கடைசி வரி என் காதில் விழுந்தது. கடமைப்பட்டிருக்கிறார்கள். என்னைத்தான் சொல்கிறார்கள் என்று பட்டது. அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். கேரியரில் காலை அகட்டிக்கொண்டு யோசித்தேன். இரண்டாம் ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் உடை மாற்றும் அறைக்குள் போனேன்.

"தோத்திரம் சாமி. தடை இருக்கு."

"என்னா தடை?"

"எங்க அக்கா கல்யாணத்துக்கு. ஓலையில படிச்சீங்களே."

அவர் கழற்றிய மேலுடை பாதியில் நின்றது. பக்கத்தில் மெழுகுத்திரி எடுத்துவைத்துக்கொண்டிருந்த உபதேசியாரை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே யாராவது...?"

"இல்ல சாமி."

"அக்காவுக்கு இஷ்டமில்லையா?"

"ரொம்ப இஷ்டம் சாமி. அதான் கஷ்டம்."

"பின்ன என்னாடா?"

"சைக்கிள் சாமி. அத எடுத்துட்டுப் போறாங்க."

சாமியார் சற்று நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. திரும்பும்போது முகம் சரியாக இருந்தது.

"ரத்த உறவுத் தடை இருக்கு. ஞான உறவுத் தடை இருக்கு. சைக்கிள் தடைன்னு ஒண்ணு ரோமாபுரியில இன்னும் எழுதலியேடா."

"எழுதச் சொல்லுங்க சாமி."

"பிறர் உடைமைய விரும்பாதிருப்பாயாக. எத்தனாவது கட்டள?"

"பத்தாவது."

"தெரிஞ்சேதான் வந்திருக்க. மண்டி போடு."

தடையாக உள்ளே போன விஷயம் பாவசங்கீர்த்தனமாக முடிந்தது. அபராதமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம். அதோடு இன்னொன்று: "அந்தச் செயின நீயே கழட்டிக் கழுவி, தொடச்சி, அக்கா மனசுக்குப் பிடிச்ச மாதிரி மாட்டி அனுப்பு."

நான் நிம்மதியாக வெளியே வந்தேன். ஆனால் கதவைச் சாத்துவதற்கு முன்பே உபதேசியார் கேட்டிருக்கிறார். அவர் காதில் விழுந்தது முதல் வார்த்தை மட்டும். தடை. நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அது மீன் மார்க்கெட் வழியாகச் சுற்றிக்கொண்டு எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஒரு கண்டக்டர் மூலம் சிதம்பரத்துக்கும் போய்விட்டது. பெண்ணின் தம்பியே போய்த் தடை சொல்லியிருக்கிறான் என்றால் விஷயம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று ஆளாளுக்கு அளந்தார்கள். அம்மா கேட்டாள், அப்பா கேட்டார். சாமியார் வாய் திறக்க மாட்டார், பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட பாவத்தை வெளியே சொல்லக்கூடாது. நானும் வாயைத் திறக்கவில்லை. பக்தியால் அல்ல, பயத்தால்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மாப்பிள்ளையின் அம்மா வந்து இறங்கினார். காபி வேண்டாம் என்றார். நாற்காலியில் உட்காரவும் இல்லை.

"என்னமோ தடைன்னு பேசிக்கிறாங்க. எதுவா இருந்தாலும் எம் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. மனசு விட்டுப் போச்சின்னா இத்தோட விட்டுடலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா சமையலறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நகம் வெறும் நகமாக, சுத்தமாக இருந்தது. அந்த ஞாயிறு அவள் செயினைத் தொடவே இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதன்முதலாக உண்மையான பயம் வந்தது.

"சைக்..." என்று ஆரம்பித்தேன்.

"அக்காவ விட்டுட்டு இருக்க முடியாதாம்ங்க" என்று அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள். "கல்யாணத்த நிறுத்திட்டா அக்கா இங்கயே இருப்பான்னு சாமிகிட்ட போயி சொல்லியிருக்கான். பச்சப் புள்ளங்க."

அது அவள் அந்த நிமிஷம் கண்டுபிடித்ததா, முதலிலிருந்தே நம்பியதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பாவும் மூக்கை உறிஞ்சினார், வழக்கம்போல் திருடனுக்குக் கேட்கும்படி. மாப்பிள்ளையின் அம்மா என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"அட என் ராசா. நான் என்னமோ எம் புள்ளையப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சி போச்சோன்னு பஸ்ஸு பூரா ஜெபமால உருட்டிக்கிட்டு வர்றேன்."

அப்புறம் காபி குடித்தார். இரண்டு டம்ளர்.

அவர் போனபின் அக்கா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள்.

"நெசமா என்னாடா சொன்ன சாமிகிட்ட?"

"சைக்கிள்."

"நெனச்சேன்" என்றாள். திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கையில் ஏதோ விழுந்தது. பனியன் துணி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அபராதத்தைச் செலுத்தினேன். கழற்றினேன், கழுவினேன், உருளைக்கு ஒரு சொட்டு விட்டேன், துடைத்தேன். கடையில் புது மீன் வாங்கி வந்து கொண்டை ஊசியை அகற்றிவிட்டு மாட்டினேன், தலை முன்னால். எண்ணெய் விட்டதைவிடத் துடைத்ததுதான் அதிக நேரம். தோள்பட்டை கழன்றது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்து, "இப்படி ஒரு தம்பி யாருக்குக் கெடைக்கும்" என்றார்கள். அக்கா மருதாணிக் கையோடு வந்து விரல் நுனியால் கைக்குட்டையைப் பிடித்து செயினில் இழுத்தாள். வெள்ளையாக வந்தது. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கல்யாணம் முடிந்து பஸ்ஸுக்கு வந்தார்கள். கிளீனர் மதர் சைக்கிளைக் கயிறு போட்டு மேலே ஏற்றினான். அது ஏறும்போது சக்கரம் தானாகச் சுற்றி 'டிக் டிக்' என்றது. அவ்வளவுதான், நான் உடைந்துபோனேன். தெருவே பார்க்க, மூக்கு வழிய, ஏங்கி ஏங்கி அழுதேன். அக்காவைப் பிரியும் துயரம் என்று பெண்களெல்லாம் கூட அழுதார்கள். அக்கா ஜன்னல் வழியாகக் குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"மொதல்ல மூக்கத் தொடைடா. ஒனக்கு எதையும் தொடைக்கத் தெரியல."

அந்த அழுகை எங்கள் குடும்பத்தில் காவியமாகிவிட்டது. எந்த விசேஷத்திலும் யாராவது எடுத்துச் சொல்லுவார்கள். "அவன் சைக்கிளுக்குத்தான் அழுதான்" என்று அக்கா இத்தனை வருஷமாகச் சொல்லிப் பார்க்கிறாள். ஒருத்தரும் நம்புவதில்லை. போன திருநாளுக்கு எல்லோரும் கூடியபோதுகூட அவள் பேத்தி, "சும்மா இருங்க ஆயா, தாத்தா பாவம்" என்றது. நான் பாவமாக உட்கார்ந்திருந்தேன்.

என் பாசத்தை மெச்சி அப்பா எனக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ஆம்பளைச் சைக்கிள், பார் வைத்தது, என் சொந்தச் சைக்கிள். முதல் மாதமே அது அப்பாவின் கொள்கைக்கு வந்துவிட்டது. தெருமுனையில் நான் திரும்பும்போதே அம்மா சோறு போட ஆரம்பித்துவிடுவாள், அவ்வளவு சத்தம். எண்ணெய் விட்டேன். துடைக்க யாருக்குப் பொறுமை. ஆனால் சீட்டில் நான்தான் உட்கார்ந்தேன். இனி யாரைப் பார்த்தும் எரிய வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

காலாண்டு லீவில் சிதம்பரம் போனேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கீழ வீதி வழியாக நடந்தேன். காலை நேரம், கோபுர வாசலில் பூக்காரிகள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே மதர் சைக்கிள் வந்தது. சத்தமே இல்லை. அக்கா மிதித்துக்கொண்டு வருகிறாள். கேரியரில் மாப்பிள்ளை, இப்போது எனக்கு மாமா. மடியில் கறிகாய்ப் பை, மூக்கில் கண்ணாடி, முகத்தில் ஊரைப் பார்க்கும் சந்தோஷம். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதாம். கடைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் அவர்களுக்கு வணக்கம் வைத்தார். என்னைப் போல ஒரு தெரு முன்னால் குதிக்கவும் இல்லை, நெற்றியைத் துடைக்கவும் இல்லை.

திருப்பம் வந்தது. அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"கால அகட்டுங்க. கம்பில மாட்டிக்கும்."

மாமா இரண்டு காலையும் தவளை மாதிரி விரித்தார்.

என் வயிற்றில் அதுவரை எரிந்ததெல்லாம் அடுப்பு என்றால் இது சூளை. அந்த வார்த்தையை அவள் எனக்கென்றே வைத்திருந்ததாக நினைத்திருந்தேன்.

"வாடா மச்சான்" என்று மாமா கையாட்டினார். "ஏறிக்கிறியா? நான் எறங்கிக்கிறேன்."

"வேணாம் மாமா. எனக்குச் சொந்தமா சைக்கிள் இருக்கு" என்றேன். அது கடலூரில் இருந்தது. மதர் சைக்கிள் சந்துக்குள் திரும்பிப் போனது. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்தக் கேரியரின் பின்னால் மூச்சிரைக்க ஓடினேன்.